பசலையும் பசுமையும்

நுழையும்முன்

ஒளி கிடைக்காத செடி தன் பச்சை நிறத்தை இழக்கிறது. அந்நிலையைக் குறிக்க எந்தச் சொல் பொருத்தமானது? இருளில் வளரும் ஒரு முளையின் வாழ்வையும், அதனைக் குறிக்க வந்த சில சொற்களின் பொருளையும் இப்பாடம் விளக்குகிறது.

1. செங்கல்லின் அடியில்

பசும்புல் தரையின் மீது ஒரு செங்கல்லை வைத்துப் பத்து நாள் கழித்து எடுத்தால், அதன் அடியில் உள்ள புல் நிறம் மாறியிருப்பதைக் காணலாம். சுற்றிலும் உள்ள புல் கரும்பச்சையாக இருக்க, செங்கல் மறைத்த இடம் மட்டும் மஞ்சள் கலந்த வெண்மையாகத் தோன்றும். செங்கல்லை அகற்றிய சில நாள்களில் அவ்விடமும் பழைய நிறத்திற்குத் திரும்பிவிடும்.

இதே காட்சியைச் சமையலறையிலும் காணலாம். கூடையின் அடியில் மறந்துபோன உருளைக்கிழங்கு ஒன்று முளைவிட்டிருக்கும். அம்முளை வெளியே மண்ணில் வளரும் செடியைப் போலக் குட்டையாகவும் பச்சையாகவும் இராது; நீண்டு, மெலிந்து, வெளிறி இருக்கும். அலமாரியின் இருண்ட மூலையில் கிடந்த வெங்காயத்தின் தாளும் பச்சை பாயாமல் மஞ்சளாகவே நீளும்.

தென்னை மரத்தின் உச்சியில் இன்னும் விரியாத ஓலை குருத்து எனப்படும். மட்டைகளுக்கு நடுவே ஒளி புகாத இடத்தில் அது வளர்கிறது. ஆகவே வெட்டி எடுக்கும்போது இளமஞ்சளாக இருக்கிறது. திருவிழாக்களில் கட்டப்படும் குருத்தோலைத் தோரணத்தின் அழகு இந்த மஞ்சள் நிறத்தால் வருவதே. முட்டைக்கோசின் வெளி இலைகள் பச்சையாகவும் உள் இலைகள் வெண்மையாகவும் இருப்பதற்கும் காரணம் இதுவே.

இக்காட்சிகள் அனைத்திலும் ஒன்று பொதுவாக உள்ளது. செடிக்கு நீர் உண்டு, காற்று உண்டு, உணவும் ஓரளவு உண்டு. ஒளி மட்டும் இல்லை.

2. நிறம் எங்கே போயிற்று?

செடிகளின் பச்சை நிறத்திற்குக் காரணம் பச்சையம் என்னும் நிறமியாகும். இலையின் உயிரணுக்களில் உள்ள பசுங்கணிகங்களில் இது தங்கியிருக்கிறது. சூரிய ஒளியைப் பற்றி, காற்றிலுள்ள கரியமில வாயுவையும் நீரையும் கொண்டு செடி தன் உணவை ஆக்கிக்கொள்வதற்குப் பச்சையம் இன்றியமையாதது.

பச்சையம் ஒரே படியில் உண்டாவதில்லை. செடி அதனைப் பல படிகளில் உருவாக்குகிறது. பூக்கும் தாவரங்களில் இப்படிகளுள் கடைசிக்கு அருகில் உள்ள ஒரு படிக்கு ஒளி கட்டாயம் தேவை. அவ்வேலையைச் செய்யும் நொதி, ஒளி பட்டால்தான் இயங்கும். ஆகையால் இருட்டில் உள்ள முளை, பச்சையத்தின் முன்பொருளைச் சிறிதளவு ஆக்கி வைத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடுகிறது. கரோட்டினாய்டு என்னும் மஞ்சள் நிறமிகள் ஆக்கப்படுவதற்கு அந்தத் தடை இல்லை. பச்சையம் இல்லாத இடத்தில் இந்த மஞ்சள் மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. இருளில் வளர்ந்த முளை தூய வெண்மையாக இல்லாமல் வைக்கோல் நிறமாக இருப்பதன் காரணம் இதுதான்.

ஒளி பட்டவுடன் நிலைமை விரைந்து மாறுகிறது. காத்திருந்த முன்பொருள் ஒரு சில நிமிடங்களுக்குள்ளேயே மாறத் தொடங்குகிறது. சில மணி நேரத்தில் இலையில் பச்சை படர்வதைக் கண்ணாலேயே காணலாம். இருளில் இருந்தபோது செடி பச்சையாகும் ஆற்றலை இழந்துவிடவில்லை. ஏறத்தாழ எல்லாவற்றையும் ஆயத்தமாக வைத்திருந்து, அந்தப் படிக்குத் தேவையான ஒளிக்காக மட்டும் அது நின்றது.

எல்லாத் தாவரங்களும் இப்படி நடந்துகொள்வதில்லை. பைன் போன்ற ஊசியிலை மரங்களின் நாற்றுகள் இருளிலும் பச்சையத்தை ஆக்கவல்லவை. ஒளியில்லாமலே அந்தப் படியைக் கடக்க உதவும் வேறொரு நொதியும் அவற்றிடம் இருப்பதே இதற்குக் காரணம்.

3. மெலிவா, தேடலா?

வெளிறிய முளையைக் காண்பவர் அதனை நோயுற்றது என்று எண்ணக்கூடும். அதன் உடலைக் கூர்ந்து நோக்கினால் வேறொரு செய்தி கிடைக்கும்.

பாசிப்பயற்று விதைகள் சிலவற்றை ஒளியிலும் சிலவற்றை இருளிலும் முளைக்கவிட்டால், ஒரே வாரத்தில் இரண்டும் வேறுபட்டு நிற்கும். ஒளியில் வளர்ந்தது குட்டையாக, தண்டு தடித்து, இலைகள் விரிந்து இருக்கும். இருளில் வளர்ந்ததன் தண்டு அதனைக் காட்டிலும் பன்மடங்கு நீண்டிருக்கும். இலைகளோ விரியாமல் சிறுத்திருக்கும். தண்டின் நுனி கொக்கி போல வளைந்து கீழ்நோக்கியிருக்கும்.

மண்ணுக்குள் புதைந்த விதை முளைக்கும் முறையை நினைத்தால் இந்த வடிவத்தின் காரணம் விளங்கும். மண்ணுக்கு அடியில் இருள்தான் இருக்கிறது. அங்கே இலையை விரித்தால் பயனில்லை. மண்துகள் உராய்ந்து இலை கிழிந்துபோகும். ஆகவே முளை, மென்மையான தன் நுனியை வளைத்து உள்ளே மறைத்துக்கொள்கிறது. தண்டின் வளைவு மண்ணைத் தள்ளிக்கொண்டு மேலே செல்கிறது. பச்சையம் ஆக்குவதற்கோ இலை வளர்ப்பதற்கோ உணவைச் செலவிடாமல், உள்ளது அனைத்தையும் தண்டின் நீளத்திற்கே தருகிறது. மேலே எங்கோ ஒளி இருக்கும். அதனை எவ்வளவு விரைவில் அடைகிறோமோ அவ்வளவு நல்லது என்பதே முளையின் வளர்ச்சிமுறை.

இந்தப் பயணத்திற்கான உணவு விதைக்குள் இருக்கிறது. அது தாய்ச்செடி சேர்த்து வைத்தது. விதையிலையிலோ அதனைச் சூழ்ந்த சதையிலோ மாவாகவும் கொழுப்பாகவும் புரதமாகவும் அது அடங்கியுள்ளது. அந்தச் சேமிப்புக்கு அளவு உண்டு. அது தீர்வதற்குள் முளை ஒளியைக் கண்டுவிட்டால், நுனியின் வளைவு நிமிரும், இலைகள் விரியும், தண்டின் விரைவான நீட்சி குறையும், பச்சை பாயும். அதன்பின் செடி தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும். சேமிப்புத் தீர்ந்த பின்னும் ஒளி கிடைக்காவிடில் முளை சாய்ந்து மடியும்.

எனவே வெளிறிய முளையைப் பற்றி இரண்டு உண்மைகளைச் சேர்த்தே கூற வேண்டும். அதற்கு ஒரு குறை உண்டு; அக்குறையை நீக்கிக்கொள்ளும் முயற்சியும் உண்டு. நிறம் குறையைக் காட்டுகிறது. நீளம் முயற்சியைக் காட்டுகிறது.

4. ஒளி வந்ததை முளை எவ்வாறு அறிகிறது?

கண் இல்லாத செடி, தான் இருளில் இருப்பதையும் ஒளிக்கு வந்துவிட்டதையும் எவ்வாறு அறிகிறது என்னும் வினா அறிஞர்களை நெடுங்காலம் சிந்திக்க வைத்தது. செடிக்குள் ஒளியை உணரும் ஒரு நிறமி இருக்க வேண்டும் என்று அவர்கள் கருதினர். ஆயினும் பச்சைச் செடியில் அதனைக் காண்பது எளிதாக இல்லை. பச்சையத்தின் நிறம் மற்றவற்றை மறைத்துவிட்டது.

அமெரிக்க நாட்டின் வேளாண்மைத் துறைக்குரிய பெல்ட்ஸ்வில் ஆய்வு மையத்தில் ஹாரி போர்த்விக், ஸ்டெர்லிங் ஹெண்ட்ரிக்ஸ் முதலியோர் இதனை ஆராய்ந்தனர். அக்குழுவினர் 1959ஆம் ஆண்டில் அந்நிறமியைக் கருவிகொண்டு கண்டறிந்தனர். அதற்கு அவர்களுக்கு உதவியவை இருளில் வளர்க்கப்பட்ட மக்காச்சோள நாற்றுகள். பச்சையம் இல்லாத அந்நாற்றுகளில்தான் தேடிய நிறமியைத் தெளிவாக அளக்க முடிந்தது. அதற்குப் பைட்டோகுரோம் என்று பெயரிட்டனர். செந்நிற ஒளி படும்போது இந்நிறமி தன் வடிவத்தை மாற்றிக்கொள்கிறது. அம்மாற்றமே முளைக்கு வந்து சேரும் செய்தி. நீல ஒளியை உணரும் வேறு நிறமிகளும் செடிகளில் உள்ளன.

5. வெளிறலும் சோகையும்

இலை மஞ்சளாவதற்கு வேறு காரணங்களும் உண்டு. அவற்றை வேறுபடுத்தி அறிதல் வேண்டும்.

மண்ணில் இரும்பு, நைட்ரசன் முதலிய சத்துகள் குறைந்தால், நல்ல வெயிலில் நிற்கும் பயிரும் மஞ்சளாகும். உழவர் இதனைச் சோகை என்பர். சோகை பிடித்த பயிர் நீண்டு வளராது. அதற்கு வேண்டியது உரம். இலை முதிர்ந்து உதிரும் காலத்தில் மஞ்சளாவது பழுத்தல் எனப்படும். பழுத்த இலை மீண்டும் பச்சையாவதில்லை. ஒளியின்மையால் வெளிறிய செடியோ நீண்டு வளரும். ஒளி கிடைத்தால் மீண்டும் பச்சையாகும். மூன்றும் மஞ்சளே ஆயினும் மூன்றின் பொருளும் வேறு.

ஒளியை மறைத்து வெளிறச் செய்வதை மனிதர் ஒரு தொழில்நுட்பமாகவும் பயன்படுத்துகின்றனர். காலிஃபிளவர் பயிரிடும் உழவர், பூ வெண்மையாக இருப்பதற்காக அதன் இலைகளையே மேலே மடித்துக் கட்டிவிடுவர். இங்கிலாந்து நாட்டின் யார்க்ஷயர் பகுதியில் ரூபார்ப் என்னும் செடியை இருண்ட கொட்டகைகளில் வளர்க்கின்றனர். அதன் தண்டு மென்மையாக வளர்வதற்காக அறுவடையைக்கூட மெழுகுவத்தியின் மங்கிய ஒளியில் செய்கின்றனர். நார் முற்றாத இளந்தண்டு மனிதர் நாவிற்குச் சுவையாக இருக்கிறது.

உருளைக்கிழங்கில் மட்டும் நேர்மாறான எச்சரிக்கை தேவை. இருளில் இருக்க வேண்டிய கிழங்கின் மீது ஒளி பட்டால் அதன் தோல் பச்சையாகும். அத்துடன் சொலனைன் என்னும் நச்சுப் பொருளும் மிகும். ஆகவே பச்சை படிந்த பகுதியையும் முளைகளையும் நீக்காமல் உண்ணலாகாது.

6. பிறமொழிச் சொல் ஒன்று

ஒளியின்மையால் செடி வெளிறி நீள்வதை ஆங்கிலத்தில் எட்டியோலேஷன் என்பர். இது பிரெஞ்சு மொழியிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்திற்கு வந்த சொல். பிரெஞ்சு மொழியில், அறுவடைக்குப் பின் வயலில் நிற்கும் தாளைக் குறிக்கும் சொல் ஒன்று உண்டு. அதற்கும் மூலம் இலத்தீன் மொழியில் வைக்கோல், தாள் என்னும் பொருள்தரும் ஸ்டிபுலா என்பதாகும். செடி வைக்கோலைப் போல நிறம் மங்கித் தாளைப் போல மெலிந்து நீளுவதால் இப்பெயர் ஏற்பட்டது எனச் சொல்லாராய்ச்சியாளர் கருதுவர்.

காலப்போக்கில் இச்சொல் செடியை விட்டு வேறு பொருள்களுக்கும் சென்றது. உயிர்ப்பு இல்லாத கலையையும், உரம் இல்லாத எழுத்தையும், வலிமை குன்றிய மனிதரையும் குறிக்க ஆங்கில எழுத்தாளர் இதனை ஆளுகின்றனர். அவ்விடங்களில் இதன் பொருள் வெளிறியது, சத்தற்றது என்பதே. தாய்மொழி வழங்கும் இடத்தை விட்டுத் தொலைவில் வளரும் பிள்ளைகளின் பேச்சையும் சிலர் இவ்வாறே வெளிறிய மொழி என்று மதிப்பிடுவதுண்டு.

சொல் இடம்பெயரும்போது அதன் பொருளில் ஒரு பகுதி வழியில் விடுபட்டுவிடுவது இயல்பு. இங்கும் அதுவே நிகழ்ந்தது. நிறமிழத்தல் என்னும் பாதி உடன்வந்தது. ஒளியை நோக்கி நீளுதல் என்னும் மறுபாதி செடியிடமே தங்கிவிட்டது.

7. தமிழில் எச்சொல்?

இந்நிலையைத் தமிழில் குறிக்க முதலில் நினைவுக்கு வரும் சொல் வெளிறு. அச்சத்தால் முகம் வெளிறியது, துவைத்துத் துவைத்துத் துணி வெளிறியது என இன்றும் வழங்குகிறோம். வெண்மையைக் குறிக்கும் வெள் என்னும் அடியோடு இச்சொல் உறவுடையது. வெள்ளை, வெளிச்சம் என்னும் சொற்களும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒளியைக் குறிக்கும் வெளிச்சமும், ஒளி இல்லாமையால் வரும் வெளிறலும் ஒரே குடும்பத்தில் பிறந்திருப்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

வெளிறு என்பதற்குப் பழந்தமிழில் இன்னும் சில பொருள்கள் உண்டு. உள்ளே வயிரம் பாயாத மரம் வெளிறு எனப்பட்டது. வயிரம் என்பது மரத்தின் நடுவே உள்ள கடினமான பகுதி. காழ் என்றும் அதனைக் கூறுவர். உள்ளே காழ் உடையது மரம், வெளியே காழ் உடையது புல் என்று தொல்காப்பியம் தாவரங்களைப் பகுத்துக் காட்டும். தச்சர் ஒரு மரத்தை வெளிறு என்று விலக்கினால், அது பாரம் தாங்காது என்பது பொருள். இப்பொருளிலிருந்தே அறிவில் உறுதி இல்லாத நிலையையும் வெளிறு என்றனர். திருக்குறளின் 503ஆம் குறளில் இச்சொல் அறியாமை என்னும் பொருளில் வந்துள்ளது.

ஆகவே வெளிறு என்னும் சொல் எதையும் இல்லாமையைக் கொண்டே காட்டுகிறது. நிறம் இல்லை, வயிரம் இல்லை, அறிவு இல்லை. ஒளி காணாத முளையின் நிறத்தைக் கூற இச்சொல் முற்றிலும் பொருந்தும். அதன் முயற்சியைக் கூற இது போதாது.

தமிழில் நிறம் மங்குதலுக்கு வேறொரு சொல்லும் இருக்கிறது. அது பசலை. பொருள் தேடித் தலைவன் பிரிந்து சென்றபோது, அவனுக்காகக் காத்திருக்கும் தலைவியின் மேனியில் தோன்றும் நிறவேறுபாட்டைச் சங்கப் புலவர்கள் பசலை என்று பாடினர். பசப்பு என்பதும் அதுவே. திருக்குறளில் 119ஆம் அதிகாரம் முழுவதும் இந்த நிறத்தைப் பற்றியது. பசப்புறு பருவரல் என்பது அதன் பெயர். இருளையும் பசலையையும் ஒப்பிட்டுக் காட்டும் குறளும் அவ்வதிகாரத்தில் உண்டு.

பசலை என்னும் சொல்லின் அடியை நோக்கினால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. பச்சை, பசுமை என்னும் சொற்கள் எந்த அடியிலிருந்து தோன்றினவோ அதே அடியிலிருந்தே பசலையும் தோன்றியது. பசத்தல் என்னும் வினைக்குப் பச்சையாதல் என்றும் பொருள் உண்டு. நிறம் மங்குதல் என்றும் பொருள் உண்டு. மங்கிய நிறமும் செழித்த நிறமும் தமிழில் ஒரு வேரில் நிற்கின்றன.

செடியின் உடலிலும் இதுவே உண்மை. வெளிறிய முளைக்குள் பச்சையத்தின் முன்பொருள் இருக்கிறது. பசலை படர்ந்த முளையே நாளை பசுமை அடைகிறது. பசலை நோயால் வருவதன்று. ஒன்றனுக்காகக் காத்திருப்பதால் வருவது. காத்திருந்தது வந்துவிட்டால் நீங்குவது. தாவர நூல்களில் பசலை என்னும் சொல்லை இப்பொருளில் ஆளுவது வழக்கமன்று. ஆயினும் ஒளிக்காகக் காத்திருக்கும் முளையின் நிலையை விளக்குவதற்கு இதனினும் நெருங்கிய சொல் வேறில்லை.

8. முளைப்பாரியும் ஹரேலாவும்

இருளில் வளரும் முளையை நம் நாட்டு மக்கள் குறையாகக் கருதவில்லை என்பதற்குத் திருவிழாக்கள் சான்றாக உள்ளன.

மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம், விருதுநகர் முதலிய தென்மாவட்டங்களில் அம்மன் கோயில் விழாவை ஒட்டி முளைப்பாரி வளர்ப்பர். சட்டியிலோ கூடையிலோ வைக்கோலும் பொடித்த எருவும் இட்டு, பலவகைப் பயறுகளையும் தானியங்களையும் விதைப்பர். அவற்றை வெயில் புகாத அறையில் வைத்து நாள்தோறும் நீர் தெளிப்பர். இரவில் பெண்கள் கூடிக் கும்மியடித்துப் பாடுவர். ஏறத்தாழ எட்டு, பத்து நாள்களில் முளைகள் நெருக்கமாக, உயரமாக, இளமஞ்சள் நிறத்தில் எழுந்து நிற்கும். பெண்கள் அவற்றைத் தலையில் சுமந்து ஊர்வலமாகச் சென்று குளத்திலோ ஆற்றிலோ கரைப்பர். முளை எவ்வளவு செழித்து உயர்ந்ததோ அவ்வளவு விளைச்சல் அவ்வாண்டில் இருக்கும் என்பது மக்களின் நம்பிக்கை. விதையின் முளைக்கும் திறனை அறிய முன்னோர் கண்ட வழி இது என்று கூறுவாரும் உளர்.

முளைப்பாலிகை என்னும் பழஞ்சொல்லே முளைப்பாரி என மருவியது என்பர். சிலப்பதிகாரம் கோவலன் கண்ணகி திருமணத்தைக் கூறும் இடத்தில் பாலிகையையும் முளைக்குடத்தையும் குறிப்பிடுகிறது. இன்றும் சில திருமணங்களில் பாலிகை இடும் சடங்கு நிகழ்கிறது.

வட மாநிலங்களில் வளரும் தமிழ் மாணவர் பலர் முளைப்பாரியை நேரில் கண்டிருக்கமாட்டார்கள். ஆயினும் அதன் உறவினைத் தம் அண்டை வீட்டில் கண்டிருக்கக்கூடும். மத்தியப் பிரதேசமும் உத்தரப் பிரதேசமும் பங்கிட்டுக்கொள்ளும் புந்தேல்கண்ட் பகுதியில், மழைக்காலத்தில் கோதுமையையோ பார்லியையோ சிறு தொன்னைகளில் விதைத்து இருட்டில் வளர்ப்பர். அதனைப் புஜரியா என்றும் கஜலியா என்றும் அழைப்பர். ரக்ஷாபந்தனுக்கு மறுநாள் அவற்றை நீர்நிலைக்கு எடுத்துச் செல்வர். சில முளைகளை ஒருவருக்கொருவர் கொடுத்து வாழ்த்திக்கொள்வர். மகோபா நகரில் நிகழும் கஜலி விழா, ஆல்ஹா, ஊதல் என்னும் வீரர்களின் கதைப்பாடலோடு பிணைந்தது. நவராத்திரியின் முதல் நாளில் பார்லியை விதைத்து, விழா முடியும்போது அதன் இளமஞ்சள் முளையைக் காதில் செருகிக்கொள்ளும் வழக்கமும் வடநாட்டில் பல இடங்களில் உண்டு.

உத்தராகண்ட் மாநிலத்தின் குமாவுன் மலைப்பகுதியில் இவ்விழாவின் பெயர் ஹரேலா. சூலைத் திங்களின் நடுவில், தமிழ் நாட்காட்டியில் ஆடி பிறக்கும் வேளையில், இது கொண்டாடப்படுகிறது. அதற்கு ஒன்பது, பத்து நாள்கள் முன்பே ஐந்து அல்லது ஏழு வகைத் தானியங்களை வீட்டிற்குள் வெயில் படாத இடத்தில் விதைத்துவிடுவர். விழா நாளில் அம்முளைகளை அறுத்து, வீட்டின் மூத்தோர் இளையோர் தலையில் வைத்து வாழ்த்துவர். வெளியூரில் வாழும் பிள்ளைகளுக்கு அவற்றை அஞ்சலில் அனுப்பிவைப்போரும் உண்டு.

அவர்கள் அறுத்து வைக்கும் முளை மஞ்சள் நிறமானது. அவர்கள் அதற்கு இட்ட பெயரோ பசுமையைக் குறிக்கும் ஹரியாலி என்னும் சொல்லோடு உறவுடையது. மஞ்சள் முளையைக் கையில் வைத்துக்கொண்டு அதனைப் பசுமை என்று அழைக்கும் அந்த மலைமக்களும், பசலைக்கும் பசுமைக்கும் ஒரே அடியைக் கொண்ட தமிழ் மக்களும் முளையை ஒரே விதமாகவே நோக்கியுள்ளனர். இன்றுள்ள நிறத்தை மட்டும் அவர்கள் பார்க்கவில்லை.

9. முடிவாக

ஒளியின்மையால் செடி வெளிறுவது உண்மை. அதற்கு ஒளி வேண்டும் என்பதும் உண்மை. விதையின் சேமிப்பை மட்டும் நம்பி அது நெடுநாள் வாழ இயலாது. அதே வேளையில், வெளிறிய முளை தன் ஆற்றலை இழந்த முளை அன்று. அது தன்னிடம் உள்ள சிறு சேமிப்பை ஒளியை அடைவதற்கே செலவிட்டுக்கொண்டிருக்கிறது. ஒளி வந்த அன்றே பச்சையாகத் தொடங்குகிறது.

ஆகவே ஒரு செடியையோ, ஒருவரின் எழுத்தையோ, பேச்சையோ வெளிறியது என்று கேட்க நேரும்போது, நிறத்தைக் கண்டதோடு நின்றுவிடுதல் போதாது. அது எதை நோக்கி நீண்டுகொண்டிருக்கிறது என்பதையும் காண வேண்டும். அதற்கு ஒளி வரும் வழி எது என்பதையும் ஆராய வேண்டும்.

சொல்லும் பொருளும்

வெளிறுதல் – நிறம் மங்குதல்
தாள் – பயிரின் தண்டு
குருத்து – விரியாத இளம் ஓலை அல்லது இலை
நொதி – உயிரணுக்களில் வேதிமாற்றத்தை விரைவுபடுத்தும் பொருள்
வயிரம், காழ் – மரத்தின் கடினமான பகுதி
பசலை – பிரிவால் மேனியில் தோன்றும் நிறவேறுபாடு
பருவரல் – துன்பம்
பாலிகை – விதை முளைக்கவிடும் மண்கலம்
தொன்னை – இலையால் தைத்த கிண்ணம்

இலக்கணக் குறிப்பு

வெளிறிய முளை – பெயரெச்சம்
ஒளி காணாத முளை – எதிர்மறைப் பெயரெச்சம்
பசும்புல் – பண்புத்தொகை
பசலையும் பசுமையும் – எண்ணும்மை

செய்து பார்க்க

1. பாசிப்பயற்றை ஓர் இரவு நீரில் ஊறவைக்கவும்.
2. இரண்டு கிண்ணங்களில் ஈரமான மண்ணிட்டு, ஒவ்வொன்றிலும் பத்து விதைகளை ஊன்றவும்.
3. ஒன்றைச் சாளரத்தின் அருகில் வைக்கவும். மற்றதை ஒளி புகாத அட்டைப் பெட்டியால் மூடவும். இரண்டிற்கும் ஒரே அளவு நீர் ஊற்றவும்.
4. ஏழாம் நாள் இரண்டையும் அருகருகே வைத்துத் தண்டின் நீளம், இலையின் அளவு, நிறம், நுனியின் வடிவம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளவும்.
5. பெட்டிக்குள் இருந்ததைக் காலையில் வெளிச்சத்தில் வைத்து, மாலை வரை நிறமாற்றத்தைக் கவனித்து ஐந்து வரிகளில் எழுதவும்.

வினாக்கள்

1. இருளில் வளர்ந்த முளை வெண்மையாக இல்லாமல் இளமஞ்சளாக இருப்பது ஏன்?
2. முளையின் நுனி கொக்கி போல வளைந்திருப்பதால் விளையும் நன்மை யாது?
3. வெளிறல், சோகை, பழுத்தல் ஆகிய மூன்றையும் வேறுபடுத்துக.
4. வெளிறு என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் இருந்த பொருள்களை எழுதுக.
5. பசலை, பசுமை ஆகிய சொற்களின் உறவு, முளையின் இயல்போடு எவ்வாறு பொருந்துகிறது?
6. நீங்கள் வாழும் ஊரில் முளைப்பாரியை ஒத்த வழக்கம் உள்ளதா? அண்டை வீட்டாரிடமும் உங்கள் வீட்டுப் பெரியோரிடமும் கேட்டறிந்து, இரண்டு வழக்கங்களையும் ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.